பாதி பாட்டில்

திருவண்ணாமலைக்கு வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருவார். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறை, வெறுங்காலோடு பதினாலு கிலோமீட்டர் கிரிவலம், இட்லிக்கு மிளகாய்ப்பொடி. எனக்குப் பத்து வருஷப் பழக்கம்.

போன தடவை, பழைய துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். சிவப்பு ஒயின். லியோன் நகரத்துக்கு வடக்கே போஜொலே என்ற மலைச்சரிவில் அவருடைய அப்பாவுக்குச் சின்னத் தோட்டம் இருந்ததாம். அப்பா காலமாகி, தோட்டத்தையும் விற்றாயிற்று. இது அப்பா கையால் செய்த கடைசி வருஷத்து ஒயின்.

''இங்கேயே திறந்துடலாமா?'' என்றேன், ஒரு பேச்சுக்கு.

''மலை பார்க்குது'' என்றார் தமிழில்.

ஆகவே, பாண்டிச்சேரி. கீழ்ப்பென்னாத்தூர் தாண்டியும் திரும்பிப் பார்த்தால் அண்ணாமலை நின்றுகொண்டிருந்தது. செஞ்சிக் கோட்டை வந்த பிறகுதான் இருவருக்கும் நிம்மதி.

வழியெல்லாம் பாடம் நடத்தினார். திராட்சையின் பெயர் கமே. 1395-ல் பர்கண்டி பிரபு பிலிப், 'இது விசுவாசமில்லாத செடி, பிடுங்கி எறியுங்கள்' என்று உத்தரவே போட்டாராம். பக்கத்து போஜொலேயில் அது பிழைத்துக்கொண்டது. பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகத் தொட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். கரியமில வாயு சூழ்ந்ததும் ஒவ்வொரு பழமும் தோலுக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் துவர்ப்பு கம்மி, பழ வாசனை அதிகம். நம் கம்பம் பன்னீர் திராட்சையும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததுதான் என்று சொல்வார்கள். அதை நான் சொன்னபோது, சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் குடி என்றால் ஒரே அர்த்தம்... அப்பா. பாட்டிலைத் திறந்தால் தீர்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். அதற்கப்புறம் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். ஈரல் கெட்டு அவர் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால், செத்துப்போன ஒருவரின் கைவேலையை எப்படி வேண்டாம் என்பது?

பாண்டிச்சேரியில் நண்பர் வீட்டு மொட்டைமாடி. பாட்டிலைப் பக்கெட் தண்ணீரில் ஐஸோடு கால் மணி நேரம் வைத்தார். லேசான சிவப்பு ஒயினைச் சற்றே குளிர்ச்சியாகத்தான் குடிக்க வேண்டுமாம். நம் ஊர் வெயிலில் விட்டால் கஷாயமாகிவிடும்.

மாதுளைச் சாறு நிறம். முதலில் வாசனைதான் வந்தது, மழை பெய்த மறுநாள் பழக்கடை மாதிரி. நாக்கில் கொஞ்சம் புளிப்பு. தொண்டையில் எரிச்சல் இல்லை. பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம், இதில் பன்னிரண்டு, பதிமூன்றுதான். அவர் பேசவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் சுழற்றி, மெதுவாக விழுங்கினார்.

ஆளுக்கு ஒரு கிளாஸ். நான் அடுத்ததை எதிர்பார்த்து, கொஞ்சம் பயந்தும் உட்கார்ந்திருந்தேன். அவர் கார்க்கை எடுத்து அழுத்தி மூடினார். பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம்.

''போதுமா?''

''அப்பா ராத்திரி சாப்பாட்டோட ஒண்ணுதான் குடிப்பார். மிச்சம் நாளைக்கு.''

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். எண்பது வயது அம்மா வெகு நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:

''பாதியிலயே மூடி வெச்சுட்டாரா?''