25 வயதானால் உள்ளே வரலாம்

என் அக்கா மகன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பொறியியல் படித்தான். படித்து முடித்ததும் அங்கேயே வேலை கிடைத்தது. சேமித்த பணத்தில் 2007ஆம் ஆண்டு தயாரான ஸ்கோடா ஒக்டாவியா ஒன்றை வாங்கினான். 1.9 லிட்டர் டீசல் இயந்திரம், பின்னால் ஒரு குடும்பத்தின் சாமானையே அடுக்கலாம். 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் எண்ணெய் போதும் என்று பெருமையடித்துக்கொள்வான்.

2012இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு வேலை மாறியபோது, காரையும் கப்பலில் ஏற்றலாம் என்று விசாரித்தான். இன்னும் 20 ஆண்டு பொறுத்துக் கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. "மாமா, துப்பாக்கியைக் கடையில் வாங்கலாமாம், என் காரை மட்டும் விடமாட்டார்களாம்" என்று தொலைபேசியில் பொருமினான். கிள்ளானில் முப்பது ஆண்டுகள் டீசல் லோரிகளுக்குப் பட்டறை நடத்தியவன் நான். அவனுக்காகத்தான் இந்த விஷயத்தைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

1980களின் முற்பகுதியில் டாலரின் மதிப்பு உயர்ந்திருந்தது. அமெரிக்கர்கள் பலர் ஜெர்மனியிலேயே மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ கார்களை மலிவாக வாங்கிக் கப்பலில் இறக்கினார்கள். உள்ளூர் விற்பனையாளர்களின் வியாபாரம் அடிபட்டது. அவர்கள் முறையிட்டார்கள். 1988இல் சட்டம் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி தயாரிக்கப்படாத கார், 25 வயது நிறைந்த பிறகுதான் தடையின்றி உள்ளே வரலாம். அதற்கு முன் வரவேண்டுமானால் அது அந்த விதிகளுக்கு ஒத்துப்போகும் என்று நிரூபிக்க வேண்டும். மோதவிட்டுப் பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று. ஒரே ஒரு கார் வைத்திருப்பவன் அதை மோதவிட்டுவிட்டு எதை ஓட்டுவான்?

டெட்ராய்ட் ஆற்றின் அக்கரை கனடாவின் வின்சர் நகரம். கனடாவில் அந்த வயது வரம்பு 15. ஆற்றுக்கு அந்தப் பக்கம் 15 ஆண்டில் பத்திரமாகிவிடும் கார், இந்தப் பக்கம் வர இன்னும் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சரக்கு வேன்களின் கதை இதைவிட வேடிக்கை. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதால், அமெரிக்கா பதிலுக்கு 1964இல் வெளிநாட்டுச் சிறு லோரிகளுக்கும் சரக்கு வேன்களுக்கும் 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிச் சண்டையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். வரி மட்டும் போகவில்லை. ஃபோர்ட் நிறுவனம் துருக்கியில் தயாரித்த வேன்களைப் பின் இருக்கைகளோடு பயணிகள் வாகனமாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக்கி விற்றது.

இதுவரை மருமகன் பக்கம்தான் நியாயம். ஆனால் புகை விஷயத்தில் அவனுக்காக என்னால் வாதாட முடியவில்லை.

டீசல் இயந்திரம் காற்றை மிகவும் அழுத்திச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. சிக்கனத்தின் ரகசியமும் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆனால் எரியும்போது எழும் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. பெட்ரோல் கார்களில் இவற்றை அழிக்கும் வினையூக்கி, டீசல் புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனால் இங்கே பயன்படாது. கரியை வடிகட்டி பிடித்துவிடும். புகைக்குழாயில் வெள்ளைத் துணியை வைத்துக் கரி படியவில்லை என்று காட்டுவார்கள். இந்த வாயு துணியில் படியாது, நெஞ்சில்தான் தெரியும்.

என் பட்டறையில் இருந்த மூத்த மெக்கானிக் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மழைக்காலத்தில் கதவைச் சாத்திவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். கடைசிக் காலத்தில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். எதனால் என்று எந்த மருத்துவரும் அவரிடம் உறுதியாகச் சொல்லவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தபோது, அவர் நினைவுதான் எனக்கு வந்தது.

எண்ணெய் விலை அதிகமான ஐரோப்பா சிக்கனத்தைப் பார்த்தது. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தில் கண் எரிந்த அமெரிக்கா நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பார்த்தது. என் மருமகனின் கார் யூரோ 4 ரகம். அதற்கு ஐரோப்பா கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை அனுமதித்தது. அமெரிக்காவில் அப்போதைய வரம்பு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒன்றாக, மைலுக்கு 0.07 கிராம். கிலோமீட்டர் கணக்கில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

இந்த வரம்பு எவ்வளவு கடினம் என்பது 2015 செப்டம்பரில் வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்ததை வோக்ஸ்வாகன் ஒப்புக்கொண்டது. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கார்கள். சாலையில் அவை வரம்பைப்போல 40 மடங்குவரை கக்கின. சந்தேகத்தைக் கிளப்பியது மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய குழு. அமெரிக்க வரம்பு அவ்வளவு இறுக்கமாக இல்லாதிருந்தால் இந்த மோசடி எளிதில் அகப்பட்டிருக்காது.

2019 தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட் நகரமே யூரோ 4 டீசல் கார்களுக்குத் தடை போட்டது. மெர்சிடிஸ் பிறந்த ஊர் அது. மருமகன் தன் காரை அங்கே ஒரு நண்பரிடம் விற்றிருந்தான். அமெரிக்கா விடாத அந்தக் காரை, அதை வாங்கிய ஊரும் விடவில்லை.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. அந்தக் காருக்கு 2032இல் 25 வயது ஆகிவிடும். அப்போது மத்திய அரசின் பாதுகாப்பு விதியும் புகை விதியும் அதைத் தடுக்காது. அதைவிடப் பலமடங்கு சுத்தமான இன்றைய ஐரோப்பிய டீசல் காரோ அன்றும் வெளியேதான் நிற்கும். புகைதான் கவலை என்றால் புகையை அளந்து பார்த்து விடலாமே, பிறந்த தேதியை ஏன் பார்க்க வேண்டும்? மூச்சைக் காக்க வைத்த வரம்பு இருக்கட்டும், இன்னும் இறுகட்டும். கல்லாவைக் காக்க வைத்த வரம்பு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.