தங்கவயலில் வார்டு தேர்தல்

கர்நாடகத்தில் இருக்கும் எங்கள் கோலார் தங்கவயலில் எம்எல்ஏ தேர்தலைவிட நகரசபைத் தேர்தலில்தான் சூடு அதிகம். எங்கள் ஊரின் ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு 35 வார்டு. 2019 நவம்பரில் ஓட்டுப் போட்டபோது கட்சியைவிட உறவுமுறைதான் முன்னால் நின்றது. ஒருவர் மாமா முறை, எதிர்த்து நிற்பவர் பங்காளி. ஒருவரிடம் நோட்டீஸ் வாங்கினால் இன்னொருவர் வீட்டில் பேச்சு நின்றுபோகும்.

குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்ட், 1999-இல் அதிமுக என்று பலரையும் சட்டசபைக்கு அனுப்பிய ஊர் இது. வார்டில் கேட்பதோ ஒன்றுதான்: தண்ணி எப்ப வரும்? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடும்வரை தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தண்ணீரும் கரண்ட்டும் சுரங்கக் கம்பெனி பொறுப்பு. இப்போது குழாய் காய்ந்தால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறோம்.

விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களிடமும் ஓட்டுக் கேட்கிறார்கள். "அண்ணா, நம்ம சின்னத்த மறந்துடாத!" இதெல்லாம் தமிழில், ஜெயித்துப் போனால் ஆபீஸ் காகிதம் எல்லாம் கன்னடம். அதனால் என் ஓட்டு, கன்னடத்தில் மனு எழுதிக்கொண்டு போய் கமிஷனர் மேஜை முன் உட்கார்ந்து வேலை வாங்குகிறவருக்கு. பேனரில் கைகூப்பி நிற்கிறவர்களை அப்புறம் பார்க்கலாம்.