வல்லக்கோட்டையில் ஒரு 'டிக்... டிக்...'

ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜரைச் சேவித்துவிட்டு வல்லக்கோட்டை போனோம். ஏழடி உயர முருகன்! நிமிர்ந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். வெளியே வந்தால் உச்சி வெயில். மகள் தோளில் ஏழு மாதப் பேரன். சாவியைத் திருகினால் கார் 'டிக்... டிக்...' என்கிறதே தவிர, கிளம்பக் காணோம்.

வேடிக்கையைப் பாருங்கள், சுற்றிலும் கார் பிறக்கிற ஊர்கள்! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிஸான் தொடங்கிய ஆலை.

குழந்தையை முதலில் மர நிழலுக்குக் கொண்டுபோனோம். வெயிலில் நிற்கும் மூடின காரில் பத்தே நிமிஷத்தில் சூடு ஏறிவிடும்; பச்சைக் குழந்தை தாங்காது.

பூக்கடை அம்மாள் ஓர் ஆலைத் தொழிலாளிப் பையனை அழைத்து வந்தாள்.

"லைட்டைப் போடுங்கம்மா. மங்கலா எரியுதா? அப்ப பாட்டரிப் பக்கம்தான் கோளாறு. பளிச்சுனு எரிஞ்சு ஒரே ஒரு 'டிக்' கேட்டா ஸ்டார்ட்டரைப் பார்க்கணும்."

பானெட்டைத் திறந்தால், பாட்டரி முனையில் ஊறுகாய் ஜாடி மூடிபோல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. "வெறுங்கையால தொடாதீங்க, ஆசிட்" என்று கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டான். கறுப்பு ஒயரை முதலில் கழற்றினான், பிறகு சிவப்பு. உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் மாட்டி இறுக்கினான்.

கிளம்பிவிட்டது! காசு வாங்க மாட்டேன் என்றான். புளியோதரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

"நாலு வருஷப் பாட்டரிம்மா, ஊருக்குப் போனதும் சோதிச்சுடுங்க" என்றான். மறுநாளே சோதித்தோம். மாற்ற வேண்டியதாயிற்று.