எண்பத்தேழில் ஒரு பங்கு



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பன், "வேலையில்லாத் திண்டாட்டம், இன்றைய இளைஞன், தாய்மை இதெல்லாம் ஏற்கனவே நிறைய வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுதுடா" என்றான். வேறு என்றால் எனக்குத் தெரிந்தது ரயில்தான். அதுவும் பாதையில் ஓடுகிற ரயில் இல்லை. எங்கள் வீட்டுப் பரணில், அம்மாவின் கல்யாணப் புடவை வந்த அட்டைப் பெட்டியில் தூங்குகிற ரயில். மொத்தம் ஏழு வண்டிகள். மூன்று ஐ.சி.எஃப். பெட்டி, ஒரு எல்.எச்.பி. பெட்டி, இரண்டு கூட்ஸ் வேகன், ஒரு கார்டு வண்டி. எல்லாமே நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வகுப்பில் என்னை 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று கூப்பிடுவதற்குக் காரணம் இதுதான். முதலாமாண்டு தம்பிகள் இனிமேல் கேட்க வேண்டாம்!

திருவிழாக் கடையில் விற்கும் ரயிலும் ரயில்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அது பொம்மை. அதில் பெட்டிக்கு நான்கு ஜன்னல் இருக்கும், இன்ஜினில் கண்ணும் வாயும்கூட இருக்கும். மாடல் என்றால் ஒவ்வொரு அளவும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். உலகத்தில் அதிகம் புழங்குவது 1:87 என்ற விகிதம், எச்.ஓ. என்று பெயர். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். அங்கே சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் செய்யத் தொடங்கிய பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. எண்பத்தேழால் வகுத்தால் 245 மி.மீ. சிவப்பும் சாம்பலுமாக இப்போது வருகிற எல்.எச்.பி. பெட்டி 23,540 மி.மீ. அது மாடலில் 270.6. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஓர் அங்குல வித்தியாசம் கண்ணில் அடிக்கும். அந்த ஓர் அங்குலத்தைச் சரியாகக் காட்டுவதில்தான் இந்தப் பைத்தியத்தின் முழுச் சுகமும் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அயர்லாந்துக்காரர்களால். சிரிக்காதீர்கள். நாம் டிராயிங் ஷீட் வாங்கவே யோசிக்கிறவர்கள், அயர்லாந்து எங்கே ராயக்கோட்டை எங்கே! ஒரு நாள் செல்போனில் யாரோ தங்கள் ரயில் மாடல்களை வரிசையாக அடுக்கிக் காட்டுவதைப் பார்த்தேன். ஜல்லி கொட்டுகிற வேகனுக்குக்கூட அச்சு அசலாக மாடல். அந்த நாட்டில் இருப்பதே சுமார் 50 லட்சம் பேர். முன்பெல்லாம் அவர்கள் இங்கிலாந்து ரயில் மாடலை வாங்கிப் பெயின்ட் மாற்றி அடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மர்ஃபி மாடல்ஸ், ஐரிஷ் ரயில்வே மாடல்ஸ் என்று அங்கேயே நிறுவனங்கள் வந்து, தங்கள் நாட்டு வண்டிகளைச் சரியான அளவில் கொண்டுவந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1920, 30களில், டப்ளின் இஞ்சிகோர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சிரில் ஃப்ரை என்பவர், அங்கே இருந்த வரைபடங்களைப் பார்த்துத் தன் கையாலேயே மாடல்கள் செய்து சேர்த்திருக்கிறார். இன்று அவை மாலஹைடு என்ற ஊரில் மியூசியத்தில் இருக்கின்றன. டிராஃப்ட்ஸ்மேன்! நம் ஜாதி ஐயா அவர்.

அவர்களிடம் ஒட்டிக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுக்கும் நமக்கும் தொல்லை ஒன்றே. உலகத்தில் பாதிக்கு மேல் ரயில் பாதையின் அகலம் 1,435 மி.மீ. எச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ. என்பது அதன் சுருக்கம்தான். அயர்லாந்தில் பாதை 1,600 மி.மீ., நமக்கோ 1,676. அவர்களுடைய மாடல் விகிதம் சுமார் 1:76. அந்தக் கணக்கில் 21 மி.மீ. தண்டவாளம் வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது அதே 16.5 தான். அதனால் அழகாகச் செய்த வண்டி ஒல்லிக்கால் வைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலானவர்கள் 'பரவாயில்லை' என்று ஓட்டுகிறார்கள். சிலர் மட்டும் விடாப்பிடியாக 21 மி.மீ. பாதையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சிலரைத்தான் பிடித்தது. நம் 1,676-ஐ எண்பத்தேழால் வகுத்தால் 19.26. ஆகவே என் பாதை 19.3 மி.மீ. கடையில் கிடைக்காது என்பது எனக்கு ஒரு பெரிய குறையே இல்லை. கடையில் கிடைத்தால் மட்டும் வாங்கிவிடுவேனா?

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல இன்ஜின் மாடல் வரவழைக்கச் சுமார் 20,000 ரூபாய் ஆகும். அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறார், அம்மா ராயக்கோட்டை தக்காளி மண்டியில் காய் பிரிக்கிறார். இருவரும் பள்ளிக்கூட வாசலோடு திரும்பியவர்கள். அப்பாவின் ஒரு மாதச் சம்பாத்தியத்துக்கு மேல் அந்த இன்ஜின். ஆகவே சேகரிப்பு என்றால் எனக்குச் செய்து சேர்ப்பதுதான். உடம்புக்குச் சன்போர்டு, மேலே சார்ட் அட்டை. ஜன்னல் கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட். ஏர் பிரேக் சிலிண்டருக்குத் தீர்ந்துபோன பேனா ரீஃபில். கைப்பிடிக் கம்பிக்கு அறுந்த கிடார் கம்பி (கொடுத்த சிவில் டிபார்ட்மென்ட் நண்பனுக்கு நன்றி. அவன் வாசிப்பை நிறுத்தியதற்கு ஊரே நன்றி சொல்கிறது).

சக்கரம் மட்டும் அட்டையில் ஆகாது. சனிக்கிழமைகளில் சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு உதவிக்குப் போவேன். நிஜப் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 915 மி.மீ. விட்டம், மாடலில் 10.5. சக்கரத்தைத் தண்டவாளத்தில் பிடித்து நிறுத்துவது ஃபிளாஞ்ச் என்கிற அந்த விளிம்பு. நிஜத்திலேயே அதன் உயரம் 28.5 மி.மீ. தான். அத்தனை டன்னை, அத்தனை ஜனங்களை வளைவில் பிடித்துத் திருப்புவது நம் கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓர் இரும்பு விளிம்பு! மாடலில் அது 0.33 மி.மீ. நம் வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 என்று முதலாமாண்டில் மனப்பாடம் செய்தோமே, அது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. "ஏம்பா, இத்துனூண்டு சக்கரத்துக்கு நான் டூல் பிட் தேய்ச்சுக் குடுக்கணுமா?" என்று பட்டறை அண்ணன் அலுத்துக்கொண்டார். ஆனால் தேய்த்துக் கொடுத்ததும் அவரேதான். முதல் ஜோடி பித்தளைச் சக்கரம் வந்ததும் அதை மேஜைமேல் உருட்டி, அது நேராகப் போவதைப் பார்த்துவிட்டு, வந்த கஸ்டமரிடமெல்லாம் காட்டினார்.

அளவுகள் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பல அளவுகள் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கின்றன. கிடைக்காததற்கு ஒரு உபாயம் சொல்கிறேன், காசே ஆகாது. மெயின் லைனில் சாதாரணமாக ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர் போடுகிறார்கள். அதாவது 60 செ.மீ.க்கு ஒன்று. வண்டி நிற்கும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து, அடியில் தெரியும் ஸ்லீப்பர்களை எண்ணினால் போதும். தண்டவாளமே ஸ்கேல்! ஒரு ஐ.சி.எஃப். பெட்டிக்கு அடியில் முப்பத்தைந்தரை ஸ்லீப்பர் வரும். ஒரு ஸ்டேஷனில் டேப் வைத்து அளக்கப் போய் ஒருவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு நான் இந்த வழியில்தான் போகிறேன். டேப் பையிலேயே இருக்கட்டும், கண் எண்ணட்டும்.

ஓசூர் ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருந்தாலும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. பட்டறையில் கன்னடம், பஸ்ஸில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று திரிகிற நமக்கு அது ஆச்சரியமில்லை. இந்தப் பாதையில் அதிகம் வருவது கூட்ஸ் வண்டி. அதனால்தான் வேகன் செய்ய ஆரம்பித்தேன். பி.சி.என்.ஏ. என்ற மூடிய வேகன். கப்ளிங்கோடு சேர்த்து 14,450 மி.மீ., மாடலில் 166. அரக்குப் பெயின்ட் அடித்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் தாளில் எழுத்துகளைப் பிரின்ட் போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை மில்லி மீட்டர்.

அதுவரை என் ரயில்களை அப்பா சட்டை செய்ததே இல்லை. "படிக்கிற புள்ள அட்ட வெட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கு" என்று அம்மாவிடம் மட்டும் சொல்வார். அம்மா அதை எனக்குக் கடத்துவார். வேகன் காய்ந்துகொண்டிருந்த அன்று ராத்திரி வேலை முடிந்து வந்தவர், கை கழுவாமல் அதன் முன்னால் குந்திவிட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நம்ம பெட்டிதானே இது?"

"ஆமாம்பா."

"இவ்ளோ சுத்தமாவா இருக்கும்? இருவது வருசத்துல புதுப் பெட்டிய நான் பாத்ததே இல்ல. கதவுக்குக் கீழ பூரா சிமிட்டித் தூசி அப்பிக்கிட்டு இருக்கும். மழ தண்ணி எறங்குன கோடு இருக்கும். நடுவுல வயிறு லேசா வெளிய தள்ளியிருக்கும், உள்ளாற மூட்ட நெருக்குதில்ல? சாக்பீசுல எவனாவது நம்பர் கிறுக்கியிருப்பான்."

பிறகு ஸ்டிக்கர் எழுத்துகளைக் காட்டி, "இது என்னாது எழுதியிருக்கு?" என்றார்.

சொன்னேன். இது வண்டியின் ஜாதிப் பெயர். இது நம்பர். இது காலி எடை. சி.சி. என்று போட்டிருப்பது எவ்வளவு ஏற்றலாம் என்பது.

"எவ்ளோ?"

"அம்பது டன்னுக்கு மேலப்பா. அம்பது கிலோ மூட்டைன்னா ஆயிரத்துக்கு மேல."

அப்பா கணக்குப் போடுவதுபோல் மேலே பார்த்தார். "அது அந்தப் பெட்டி மேலயே எழுதியிருக்கா? தெனமும்?" என்றார். "இருக்குப்பா." "ம்... அதான் இடுப்பு போச்சு" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அந்த எழுத்துக்குக் கீழேதான் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்.

மறுநாள் காகிதத்தில் கொஞ்சம் சிமெண்ட் தூள் மடித்துக் கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டுக் கதவுக்குக் கீழே தேய்த்தேன். இரண்டாவது வேகனுக்கு வயிறு தள்ளவும் வைத்தேன், அரை மில்லி மீட்டர். சாக்பீஸ் நம்பரை மட்டும் அப்பா தன் கையால் குண்டூசியில் கிறுக்கினார். அவருக்கு எழுதத் தெரிந்தது எண்கள்தான்.

இப்போது எனக்குக் கொஞ்சம் அவசரம். நீல நிற ஐ.சி.எஃப். பெட்டி இன்னும் சில வண்டிகளில் ஓடுகிறது, ஆனால் பெரம்பூரில் அந்த வடிவத்தைச் செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். நம் பாதையிலும் மின்கம்பி வந்து டீசல் இன்ஜின் குறைந்துவிட்டது. (அந்த டபிள்யூ.டி.ஜி. 4 இன்ஜினுக்குள் இருப்பதும் அயர்லாந்தின் 201 கிளாஸ் இன்ஜினுக்குள் இருப்பதும் ஒரே 710 குடும்ப டீசல். சிலிண்டருக்கு 710 கன அங்குலம். நமக்கு 16 சிலிண்டர், அவர்களுக்கு 12. தெர்மல் பரீட்சைக்கு வராது, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்.) மூன்று ஐ.சி.எஃப். பெட்டி செய்திருக்கிறேன். சமையல் பெட்டியும் தபால் பெட்டியும் பாக்கி. புனேயில் ஜோஷி என்ற ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 1998-இல் ஒரு குட்டி ரயில் மியூசியமே திறந்தார். வேலை கிடைத்ததும் முதல் லீவில் அங்கே போக வேண்டும்.

அதற்குமுன் ஒரு வேலை. இன்று கிருஷ்ணகிரி ஊருக்கு ரயிலே கிடையாது. ஆனால் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலக் குட்டி ரயில் ஓடியது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று போட்டு, 1913-இல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டுமே போய்விட்டன. 1960களில் வந்த மீட்டர் கேஜ் பாதையும் 1990களில் பிராட் கேஜாக மாறியது. நம் அப்பாக்களுக்கு மீட்டர் கேஜ் ஞாபகம் இருக்கும். குட்டி ரயில் ஞாபகம் இருப்பது தாத்தா பாட்டிகளில் ஒருவரோ இருவரோதான்.

அந்த இரண்டரை அடிப் பாதை, அதாவது 762 மி.மீ., எண்பத்தேழில் ஒரு பங்காகும்போது 8.76 மி.மீ. தண்டவாளத்தைப் போட ஆரம்பித்துவிட்டேன். உங்கள் ஊரில் ரயில்மேடு என்று ஏதாவது இடம் இருந்தால், வீட்டில் பழைய போட்டோ இருந்தால், பாட்டி யாராவது அதில் ஏறியிருந்தால் சொல்லுங்கள். பெட்டிக்கு எத்தனை கதவு, சீட் மரமா, என்ன கலர் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். மதியம் டிராயிங் ஹால் கடைசி வரிசையில் இருப்பேன்.