தம்பி சொல்லாத ஜெபம்

நான் எழுதிப் பழக்கமில்லாதவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ரங்கூன் லைங்தாயா பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தவள். தமிழ் எழுதப் படித்ததே ஞாயிறு பள்ளியில்தான். மெல்போர்ன் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கேயும் தொழிற்சாலை வேலைதான். உங்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். நாங்கள் நான்கு தலைமுறையாகப் பர்மாவில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள். பிள்ளைகளை முதல் தடவையாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பெற்றோர் இங்கே பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்த பிறகு என் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். பட்டம் வாங்கியதும் இன்செயினில் உள்ள இறையியல் கல்லூரியில் சேர்ந்து அவன் போதகராக வேண்டும் என்பது அம்மாவின் பொருத்தனை. 2018 கடைசியில் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1996 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே பட்டப்படிப்பு வகுப்புகளையே நிறுத்திவிட்டு, 2013இல்தான் மறுபடி தொடங்கியிருந்தார்கள். அதனால் எங்கள் தெருவில் அது பெரிய செய்தி. வளாகத்துக்குள்ளேயே ஜட்சன் தேவாலயம் இருக்கிறது என்று அம்மாவுக்கு இன்னும் நிம்மதி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் அடித்த இரவில் எங்கள் கூரை பறந்தது. ஆட்களுக்கு ஒரு கீறலும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த இரவில் முழங்காலிட்டு, எங்களை மட்டும் தெரிந்தெடுத்துக் காத்ததற்கு நன்றி சொல்வோம். தம்பிதான் ஜெபிப்பான். 2019இல் அவன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு என்னிடம் சொன்னான்: "வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவன் ஐராவதி டெல்டாக்காரன், புத்த மதத்தவன். அந்த இரவில் அவனுடைய தாய் தகப்பன் இருவரையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அவர்களைக் கடவுள் தெரிந்தெடுக்கவில்லையா, அக்கா? அவன் முன்னால் சொல்ல முடியாத ஜெபத்தை நான் வீட்டில் மட்டும் எப்படிச் சொல்வது?"

அந்தப் புயலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 1,30,000 பேருக்கும் மேல். எனக்கு அது தெரியும். ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பதில் தெரியாததால் திட்டினேன். படிப்பு பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று அம்மா இரண்டு நாள் அழுதார். அவன் ஆராதனைக்கு வருவதும் குறைந்தது. விசாரித்தால், அந்த நண்பனோடு ஆற்றைக் கடந்து போய் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 14ஆம் தேதி எங்கள் லைங்தாயாவில் ஒரே நாளில் பல பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் பல்கலைக்கழகங்களைத் திறந்தபோது, திரும்பிப் போக மாட்டேன் என்றான் தம்பி. பட்டத்துக்கு ஒரு வருடம்தான் பாக்கி. "உனக்காகத்தானே நான் எட்டோடு நின்றேன்?" என்று கேட்டேன். தலை குனிந்து நின்றான். அடுத்த வாரம் எல்லைக்குப் போய்விட்டான்.

இப்போது தாய்லாந்தில், மே சோட் ஊரில், அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறான். அங்கே டாக்டர் சிந்தியா மௌங் என்பவரின் மருத்துவமனை இருக்கிறது. அவர் ரங்கூனில் மருத்துவம் படித்த கரேன் கிறிஸ்தவப் பெண். 1988இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் காட்டு வழியாக நடந்து வந்து, 1989 பிப்ரவரியில் அதைத் தொடங்கினார். ஆரம்பத்தில் சோறு ஆக்கும் குக்கரில்தான் கருவிகளைக் கொதிக்க வைத்தாராம். 2002இல் மகசேசே விருது பெற்றார். "அவரைப் படிக்க வைத்தவர்களும் வேறு எதையாவது எதிர்பார்த்திருப்பார்கள், அக்கா" என்றான் தம்பி.

பட்டம் போன வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால், உங்கள் பிள்ளை ஒரு நாள் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ வர மாட்டேன் என்றால், கெட்டுப்போனான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். யாரோடு பழகுகிறான், எதைப் பார்த்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை.

இந்த வருடம் மே 2ஆம் தேதி இரவு அம்மா தானாகவே தம்பிக்குப் போன் போட்டு, "நீயே ஜெபம் பண்ணு, ராசா" என்றார். அவன் முதலில் தன் நண்பனின் தாய் தகப்பன் பெயர்களைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் எங்களுக்காக நன்றி சொன்னான். அம்மா ஆமென் என்றார்.