740 கிலோ வண்டி

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே போனால் தெர்மினி இமெரேசே என்ற ஊர் வரும். ஃபியட் நிறுவனம் 1970இல் அங்கே ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. பழைய ஃபியட் 500இன் கடைசி வண்டி 1975 ஆகஸ்டில் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 2011 இறுதியில் ஆலையை மூடிவிட்டார்கள். சிசிலியின் மலைக்கிராமங்களில் ஆலையின் பேச்சை எடுத்தால் ஃபியட் 500 பற்றி யாரும் பேசுவதில்லை. பாண்டா 4×4 பற்றித்தான் பேசுகிறார்கள்.

பாண்டாவை வடிவமைத்தவர் ஜுஜாரோ. 1980இல் சாதாரண வண்டி வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை 1983 ஜூனில். கிளட்ச், கியர்பெட்டி, மூன்று துண்டாக வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் அச்சு எல்லாமே ஆஸ்திரியாவின் ஸ்டையர்-புக் நிறுவனத்திலிருந்து வந்தன. தெர்மினி இமெரேசேயில் அவற்றை வலுப்படுத்திய பாடியில் பொருத்தினார்கள். 965 சிசி எஞ்சின், 48 குதிரைத்திறன், மொத்த எடை 740 கிலோ. எஞ்சினைக் குறுக்காக வைத்த சிறிய கார் ஒன்றில் நான்கு சக்கர இழுவை வந்தது அதுவே முதல்முறை. அடுத்த மாதம்தான் கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம். அதற்குப் பின் இத்தாலி வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் பலேர்மோவில் தங்கினார்கள். இன்று பல்லாரோ சந்தைப் பக்கம் நடந்தால் யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழாமல் இருக்காது.

என்னை ஒரு கார்ப் பட்டறைக்குக் கூட்டிப்போனவர் அந்தத் தமிழர்களில் ஒருவர். வந்த புதிதில் மற்றவர்களைப் போல வீட்டுவேலைதான் பார்த்தாராம், பிறகு கராஜ். முதலாளி, ஆலையில் பாண்டா பூட்டிய கிழவர். இரண்டு பேருக்கும் இடையில் சிசிலி மொழி ஓடுகிறது. ஸ்பானர் கேட்கக்கூடப் பாதி நேரம் கையைத்தான் நீட்டுகிறார்கள். அன்று வாங்குபவர் ஒருவருக்காகப் பழைய பாண்டா ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. வெளியில் புதுப் பெயின்ட், பளபளப்பு. நான் அதைச் சுற்றிவந்துகொண்டிருந்தேன்.

“தம்பி, மேலால பாத்து ஃபோர் வீல் வாங்கக்கூடாது. கீழ வாங்கோ” என்றார் என்னைக் கூட்டிவந்த அண்ணை.

லிஃப்டில் ஏற்றியதும் கிழவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டைப் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த ஒலி பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் தொப்பென்று மாறியது. பெயின்டுக்குள் துருவும் பட்டியும்தான் இருந்தன. அங்கிருந்து பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்கு விரலை நகர்த்தினார். துரு அதுவரை போகவில்லை என்றால் வெட்டி வெல்டிங் வைக்கலாம். போயிருந்தால் பேரமே வேண்டாம். பிறகு டிஃபரன்ஷியல் திருகைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே விட்டு, எண்ணெயைக் கட்டைவிரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். உலோகத் துகள் மின்னவில்லை. அண்ணையின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

இந்த வண்டியில் நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால், ஓட்டுபவர்தான் இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள லீவரை இழுத்துப் போட வேண்டும். “பத்து வருசமா இந்தத் தடியை ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டினம். பாவிக்காமல் விட்டா இறுகிப்போகும்” என்று சொல்லிக்கொண்டே அண்ணை லீவரை இழுத்து, முதல் கியர் போட்டார். பின்சில்லுகள் சுற்றின.

விற்க வந்தவரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, இதை எப்போதெல்லாம் போடுவீர்கள் என்பது. “எப்போதும் போட்டேதான் வைத்திருப்பேன்” என்று பெருமையாகச் சொல்பவரின் வண்டியை அவர்கள் தொடுவதே இல்லையாம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் பாரம் முழுவதும் கியர்பெட்டி மேல் ஏறும். நம்மூர் மாருதி ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் இது அப்படியே பொருந்தும்.

மறுநாள் கிழவரின் உறவினர் நிலத்துக்குப் போனோம். மதோனி மலைத்தொடரின் அடிவாரத்தில் செர்தா என்ற ஊர். ஆர்ட்டிசோக் விளையும் பூமி. 1906இல் வின்சென்சோ ஃப்ளோரியோ தொடங்கிய தார்கா ஃப்ளோரியோ கார் பந்தயம் அந்த ஊரை ஒட்டித்தான் ஓடியது. பார்வையாளர்கள் அமர்ந்த பழைய மேடைகள் இன்னும் சாலையோரம் நிற்கின்றன. ஆர்ட்டிசோக் வயல்களுக்கு நடுவே மேலேறும் களிமண் தடத்தில், முந்தின குளிர்காலத்தில் இரண்டு டன் எடையுள்ள பெரிய வண்டி ஒன்று அச்சுவரை இறங்கி, டிராக்டர் வந்து இழுத்ததாம். நாங்கள் போன அன்றும் மழை பெய்திருந்தது.

பாண்டாவின் முதல் கியர் வழக்கத்தைவிட மிகவும் தாழ்ந்தது. தார் ரோட்டில் இரண்டாவதில்தான் கிளம்புகிறார்கள். முதல் கியரைச் சேற்றுக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஒல்லியான டயர் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடித்தது. பாதி ஏற்றத்தில் ஒரு முன்சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் வெறுமனே சுற்ற, வண்டி நின்றுவிட்டது. கிழவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்தார். சும்மா சுற்றிய பின்சக்கரம் தயங்கியது, விசை மறுபக்கத்துக்குப் போனது, வண்டி நகர்ந்துவிட்டது. இறங்கும்போது அதே கியர். கிளட்சில் கால் வைக்கவே இல்லை.

இதைப் பார்த்துவிட்டுப் பாண்டாவைக் கோயில் கட்டிக் கும்பிடத் தேவையில்லை. அதில் தனி லோ கியர் கிடையாது. பாறையில் நீண்ட ஏற்றம் என்றால் ஜிம்னியே மேல். மோதினால் அந்தத் தகடு என்ன தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் சேற்றுக்கு எடை குறைந்த வண்டிதான் நல்லது என்று சிசிலிக்காரர் சொல்வது சரி. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி ஒரு டன்னை ஒட்டியே இருந்தது. ஜிம்னி சுமார் 1,200 கிலோ. தார் ஜீப் 1,700ஐத் தாண்டுகிறது. சேற்றில் இறங்கிய பிறகு ஒவ்வொரு நூறு கிலோவையும் யாரோ ஒருவர் தள்ளியாக வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், குதிரைத்திறனைப் பற்றிப் பேசமாட்டார்கள். கிளட்ச், டயர், பிரேக் இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நான்கு சக்கர இழுவை வண்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது, இதில் நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை. 2023இலிருந்து தார் பின்சக்கர இழுவையில் மட்டும்கூட விற்பனைக்கு வருகிறது, வெளித்தோற்றத்தில் வித்தியாசம் சட்டெனத் தெரியாது. லோ கியர் உண்டா, எடை எவ்வளவு என்பது அடுத்து. பழைய வண்டி என்றால் தரகரை நம்பாமல், மலையில் ஓட்டுகிற டிரைவர் ஒருவருக்கு ஒருநாள் கூலி கொடுத்து அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். நிலத்துக்காரரிடம் கேட்டு அவர் தடத்தில் ஓட்டுங்கள். கூரை விளக்குக்கும் அலாய் வீலுக்கும் ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்கிவிடலாம்.