யந்திரத்தின் நாடி

மோட்டார் வைத்திருப்பவர்கள் இரு வகையினர். வண்டியில் புதிதாக ஒரு சப்தம் கேட்டால் ரேடியோவை உரக்க வைப்பவர்கள் ஒரு வகை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முகம் வெளுத்து நிற்பவர்கள் மற்றொரு வகை. இவ்விரு சாராருக்கும் மூன்றாவது மார்க்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சப்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அது.

சேர்வராயன் மலைமேல் நாகலூரில் வசிக்கும் எங்களுக்கு இவ்வித்தையில் மலையே குரு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்கிறது. இறங்கும்போது சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. சமவெளியில் கலந்து ஒலிக்கும் ஓசைகளை மலை இப்படித் தனித்தனியே பிரித்துக் கொடுத்து விடுகிறது.

எங்கள் வீட்டு வண்டி பழைய அம்பாஸடர், மார்க் 2, 1489 ஸி.ஸி. எஞ்சின். 1979இல் என் தந்தையார் ஒரு காப்பித் தோட்டக்காரரிடமிருந்து வாங்கியது. 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பு, அக்கம்பக்கத்தில் பிரசவ வேதனை என்றாலும் பாம்புக்கடி என்றாலும் நள்ளிரவில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். என் தம்பியே பதினாறாவது வளைவில், பின் ஆசனத்தில் பிறந்தவன். ஆகையால் அந்த வண்டியை இரும்பு விலைக்குப் போடுவது என்பது எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சல்ல.

சென்ற கார்த்திகை மாதத்தில் அந்தப் பேச்சு வந்தது. எஞ்சினிலிருந்து ‘டொக், டொக்’ என்று கனமான ஒரு தட்டல். சமவெளியில் ஒரு பட்டறைக்காரர் அரை நிமிஷம் கேட்டார். “பிக் எண்ட் பேரிங் போய்விட்டதுங்க. எஞ்சினை இறக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் வேறு வண்டியே வாங்கலாம்” என்றார். அம்பாஸடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது. என் மனைவி விற்றுவிடலாம் என்றாள். என் தாயார் அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் ஏற்காட்டிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவருக்கு ஒரு காது மந்தம். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். “எப்போதுங்க கேட்குது? காலையில் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா?”

இக்கேள்விகளின் மகிமையை அவர் விளக்கியபோதுதான் அறிந்தேன். குளிரில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் தேய்ந்து ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். டப்பாவில் காசு குலுக்குவதுபோல் ஏற்றத்தில் மட்டும் ஒலித்தால், பெட்ரோல் ஆவி சீராக எரியாமல் தானே வெடிக்கிறது. உடனே கீழ் கியருக்கு மாற்ற வேண்டும், பிறகு தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும். மேலிருந்து தையல் யந்திரம்போல் ‘டிக், டிக்’ என்று, எஞ்சின் சுற்றும் வேகத்தில் பாதியாகக் கேட்டால் வால்வுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதானே வால்வு திறக்கிறது! அங்கே விட வேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை 1000 பாகமாக்கினால் 15 பாகம். அடிவயிற்றிலிருந்து இடிபோல் வந்து, எண்ணெய் அழுத்தமும் குறைந்தால் மட்டும் தயவு தாட்சண்யமின்றி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

பிறகு அவர் நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்தார். அதன் நுனியை எஞ்சின்மீது ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்துக்கொண்டார். 1816இல் பிரெஞ்சு வைத்தியர் லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இவருடைய திருப்புளியும் அதே வம்சந்தான். எலும்பின் வழியே ஓசை போவதால் மந்தமான காதும் தடையாகவில்லை.

அடுத்து, நான்கு பிளக்குகளின் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பிக் எண்ட் பழுதானால், அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றதும் தட்டல் தணிய வேண்டும். நான்கில் எதைக் கழற்றியும் தட்டல் தணியவில்லை. “பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாமுங்க” என்றார். பெல்ட் இல்லையேல் தண்ணீர் பம்பு சுழலாது. ஆகவே அரை நிமிஷத்திற்குமேல் எஞ்சினை ஓட்டக் கூடாது. அந்த அரை நிமிஷமே போதுமானதாயிருந்தது. தட்டல் அடியோடு மறைந்தது!

டைனமோவின் கப்பியை அதன் தண்டோடு பிணைக்கும் சிறு இரும்புத் துண்டு தேய்ந்து, கப்பி ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் வியாதி. சேதி கேட்டு என் தாயார் சமையலறையிலிருந்து அவருக்குக் காப்பி கொண்டுவந்தார். அதுவும் வெள்ளி டம்ளரில்.

உபாத்தியாயரான எனக்கு இது வண்டியோடு முடிந்துவிடவில்லை. ஒரு பையனைப் பற்றி “இவனுக்குப் படிப்பு வராது” என்று ஆசிரியர்கள் அறையில் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம் அந்த முதியவரின் கேள்வி நினைவுக்கு வருகிறது. எப்போது வரவில்லை? காலையிலா, மாலையிலா? எந்தப் பாடத்தின் ஏற்றத்தில்? எஞ்சினை இறக்குவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தோமா?

அவர் விடைபெறும்போது சொன்ன யோசனையை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து, ஐந்து நிமிஷம் சும்மா கேட்க வேண்டும். சுகமாயிருப்பவனின் குரல் பழக்கமானால்தான் நோயாளியின் முனகல் விளங்கும். இப்போது ஞாயிறுதோறும் என் மகன் திருப்புளியும் கையுமாக நிற்கிறான். அவன் பாட்டியோ, ஓசை ஏதும் மாறவில்லை என்று அவன் வந்து சொன்ன பிறகே பூஜை அறைக்குப் போகிறார்.